கருட சேவை அன்று ராட்டினத்தின் உச்சியில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதம், சின்னக் காஞ்சிபுரத்தில் கருட சேவை அன்று விடியற்காலையில் நடந்தது இது. நான் அப்போது பட்டணத்தில் ஒரு தினசரியில் உதவியாசிரியனாக இருந்தேன். கல்யாணமாகி முதல் உற்சவம் என்று மாமனார் வீட்டில் அழைத்திருந்தார்கள். லீவு கேட்கப் போனபோது ஆசிரியர் தலை நிமிராமலே, "போகிறதுதான் போகிறீர், அங்கே ராட்டினங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று பார்த்து ஒரு பத்தி எழுதும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளியூர் நிருபர்கள் அனுப்பும் உற்சவச் செய்திகளைச் சுருக்குவது என் வேலை. "உற்சவம் வெகு விமரிசையாக நடந்தேறியது" என்ற வரிக்குக் கீழே, பல சமயங்களில் இன்னொரு வரி இருக்கும். ராட்டினம் சாய்ந்தது, தொட்டில் கழன்றது, ஒருவருக்குக் கால் முறிந்தது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் முதலில் அடிபடுவது அந்த இரண்டாவது வரிதான். அடித்துக் கொண்டிருந்தவன் நான் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, வீதி வளைகிற மூலையில் ஒரு மணல் திடல். நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது இருட்டு முழுதாகக் கலையவில்லை. காஸ் விளக்குகளின் வெளிச்சம் மட்டும் வெளிறத் தொடங்கியிருந்தது. முதல் நாள் இரவே வந்து மணலில் படுத்திருந்த வெளியூர் ஜனங்கள் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவிழ்த்துவிட்ட வண்டிமாடுகள் நின்றபடியே தூங்கின. பொரி வறுக்கும் புகை தரையோடு தரையாகப் படர்ந்து வந்தது. அதில் நடந்தவர்களுக்குக் கால்களே இல்லாதது போலத் தோன்றியது. எல்லாரும் மெல்லிய குரலில் பேசினார்கள். யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள் நாங்கள் அனைவரும் நுழைந்துவிட்டோம், அவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

முதலில் குடை ராட்டினத்தைப் பார்த்தேன். மரக் குதிரைகள். வருஷா வருஷம் வர்ணத்தின் மேல் வர்ணம் பூசிப் பூசிக் கண்களெல்லாம் மூடிப் போயிருந்தன. ஒரு குதிரையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். அது கம்பியோடு மேலே வந்தது. அடியில் செருக வேண்டிய ஆணி இல்லை. குதிரைக்கு வர்ணம் பூச ஆள் இருக்கிறது, ஆணியைப் பார்க்க ஆள் இல்லை என்று மனத்துக்குள் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டேன்.

தொட்டில் ராட்டினம் அப்படியில்லை. குறை சொல்ல வந்தவனுக்கு அது சற்று ஏமாற்றத்தையே தந்தது. மணலில் ஆழமாக இறக்கிய இரண்டு கம்பங்கள், அவற்றின் அடியைப் பிணைக்கும் ஒரு சட்டம், கம்பங்களின் மேல் குறுக்கே ஓர் அச்சு, அச்சிலிருந்து நாலு பக்கமும் நீளும் கைகள், கைகளின் நுனியில் தொங்கும் நாலு தொட்டில்கள். தறி செய்கிற தச்சர் செய்தது. பொருத்துகள் எல்லாம் இழைத்து இறுக்கியவை. அச்சில் புதிதாக விட்ட விளக்கெண்ணெயின் வாசனை அடித்தது. கம்பங்களை இழுத்துக் கட்டியிருந்த கயிறும் புதுக் கயிறு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ராட்டினத்தின் சொந்தக்காரரிடம் போனேன். பெரிய மீசையும் சிவப்புத் தலைக்குட்டையுமாக நின்றிருந்தார்.

"நிறுத்துவதற்கு என்ன வைத்திருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"ஆளுங்க கைதான் சாமி. அதோ நிக்கறாங்க பாருங்க, ரெண்டு பேரு. தறிக்காரங்க. திருநாளுக்குத் தறி ஓடாது. சும்மா குந்திக்கினு இருந்தாங்க, இட்டாந்தேன்."

"தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறார்களே, அதுபோல ஒன்று வைத்துக்கொள்ளலாமே?"

"தேரு எம்மாம் பெரிசு, இது எம்மாம் பெரிசு! காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்க சாமி. குந்தறதுன்னா குந்துங்க, இல்லாட்டி ஒதுங்கி வழிய வுடுங்க."

ராட்டினம் சுற்றும் இருவரில் ஒருவர் சிரித்துக்கொண்டே தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "விடிஞ்சா அடைஞ்சா தறி அடிக்கற கை சாமி இது. இந்தக் கட்டைய நிறுத்தாதா?"

கை உண்மையிலேயே பலகை போலத்தான் இருந்தது. ராட்டினத்தில் ஒரு பாகம் குறைகிறது என்று நினைத்தவன், அந்தப் பாகம் இதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

என் மனைவிக்கு ராட்டினம் ஏற வேண்டும் என்று ஆசை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. "அப்பா ஒருநாளும் விட்டதில்லை. இப்போ உங்களைக் கேட்டாப் போறுமே" என்றாள். "பெருமாள் கோபுர வாசலுக்கு வர இன்னும் நாழி இருக்கு. ஒரே சுத்து, இறங்கிடலாம்."

நாங்கள் ஏறக் காத்திருந்தபோது அங்கே ஒரு சின்ன வாக்குவாதம். ராட்டினத்தின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு குடியானவப் பெண் ஏறி நின்றுகொண்டிருந்தாள். நடு வயது. குள்ளமான, கெட்டியான உடம்பு. சொந்தக்காரர் அவளை இறங்கச் சொன்னார்.

"நான் குள்ளச்சிப்பா. கீழ நின்னா ஜனங்க முதுவுதான் தெரியும். எங்க வூட்டு மனுசனுக்குக் கண்ணு போயிட்ச்சி. நீ போய்ப் பாத்துக்கினு வா, வந்து ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லுன்னு அனுப்பிச்சிருக்குது. திருமுக்கூடல்லேர்ந்து ராவெல்லாம் நடந்து வந்துக்கிறேன். ஓரமா நிக்கிறேன், வுடுப்பா."

"சரி, நில்லு. கட்டைய மட்டும் ஆட்டாத. உன் வூட்டுக்காரரு கேட்டா, இடம் குட்த்த புண்ணியவான் நானுன்னும் சேத்துச் சொல்லு."

"உன் மீசையத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றாள் அவள். தறிக்காரர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ராட்டினம் எழும்பியது. அந்த உச்சியை என்னால் இன்றும் சரியாக எழுத முடியவில்லை. பத்திரிகை வேலை தொலைவு, உயரம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கண்ணைப் பழக்கிவிடும்; அந்த நிமிஷத்தில் ஓர் அளவும் கூடி வரவில்லை. வீட்டுக் கூரைகள் சாம்பல் நிறத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தன. அந்தத் தண்ணீருக்கு மேலே கோபுரம் மட்டும் எழுந்து நின்றது. கீழ்வானத்தில் ஓடிய ஒரு கோடு நெய்து முடிக்காத கரை போல இருந்தது. புறாக்கள் எங்களுக்குக் கீழே பறந்தன. என் மனைவி தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், சின்னப் பெண் போலச் சிரித்தாள். இரண்டு சுற்றுப் போயிருக்கும். மூன்றாவது தடவை உச்சிக்கு வரும்போது அதிர்வேட்டுப் போட்டார்கள்.

எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே பெருமாள் புறப்பட்டுவிட்டார். மேளச் சத்தம் வீதியில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் தறிக்காரர்கள் ராட்டினத்தை நிறுத்தினார்கள். நாங்கள் உச்சியில் நின்றோம்.

இந்த ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. பெருமாள் வரும்போது அவருக்கு மேலே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மாடியில் இருப்பவர்கள் இறங்கி வந்து வாசலில் நிற்பார்கள். அடித் தொட்டிலில் இருந்த குடும்பம் சட்டென்று கீழே குதித்தது. இடப்பக்கத் தொட்டிலில் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். வலப்பக்கத் தொட்டிலில் இரண்டு பருத்த பட்டு வியாபாரிகள். அவர்களால் குதிக்க முடியவில்லை, எழுந்து நின்றார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் வீதியைப் பார்த்தபடி, ராட்டினத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதுவும் அந்த வியாபாரிகளின் தொட்டிலுக்கு நேர் கீழே.

"எழுந்திருங்கோ, பெருமாள் வரார்" என்றாள் என் மனைவி. நான் எழுந்திருக்கவில்லை; இருவரும் எழுந்தால் தொட்டில் கவிழ்ந்துவிடும். அவள் எழுந்து நின்று, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்தாள். நான் ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கீழே பார்த்தேன். வீதி முழுக்க "கோவிந்தா" என்று ஒரே குரல் எழுந்தது. தறிக்காரர்கள் இருவரும் ராட்டினத்தை விட்டுவிட்டுக் கைகளைத் தலைக்கு மேலே குவித்திருந்தார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் தோன்றவில்லை. அந்த ஊரில் பிறந்த எந்தக் கை அந்த நேரத்தில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்? ஆணியை, கயிற்றை, அச்சை, எண்ணெயைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ராட்டினத்தின் முட்டுக்கட்டை சாமி கும்பிடப் போய்விடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ராட்டினம் அசைந்தது. முதலில் மிக மெதுவாக. கோபுரம்தான் நகர்கிறது என்று நினைத்தேன். பிறகு வியாபாரிகளின் தொட்டில் கீழே போவதும், எதிர்ப்பக்கம் காலியான அடித்தொட்டில் மேலே எழும்புவதும் தெரிந்தன. வியாபாரிகளின் கனத்தில் ராட்டினம் அப்படியே திரும்பினால், கீழே கைகூப்பி நிற்பவர்களின் முதுகில்தான் அவர்கள் தொட்டில் இறங்கும். நின்றுகொண்டிருக்கும் என் மனைவி வெளியே விழுவாள். கத்தினேன். மேளமும் கோவிந்தாவும் சேர்ந்த அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடிச்சட்டத்தின் மேல் நின்றவளுக்குக் காலுக்குக் கீழே மரம் முனகியது தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாளா, அதுகூட இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. மேலே எழும்பிக்கொண்டிருந்த காலித் தொட்டிலின் விளிம்பைத் தாவிப் பிடித்துத் தன் முழுக் கனத்தோடும் தொங்கினாள். அவள் கால்கள் சட்டத்தை விட்டு எழும்பின. ராட்டினம் இன்னும் ஒரு முழம் நகர்ந்து, தயங்கி, நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பெருமாள் வீதி மூலைக்கு வந்தார்.

மேளம் காதில் விழாத ஒரு மௌனம் எனக்குள் ஏற்பட்டது. ராட்டினத்தின் உயரமும், தோள்களின் மேல் வரும் கருட வாகனத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. தூக்குபவர்கள் யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைகளின் மேல், புகையின் மேல், அவர் தாமாகவே மிதந்து வந்தார். மூலையில் வாகனத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினார்கள்; திருப்பும்போது திடலைப் பார்க்க நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். எனக்கு முன்னே இரண்டு முகங்கள். ஒன்று கற்பூர வெளிச்சத்தில் பெருமாளின் முகம். இன்னொன்று அவருக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து அண்ணாந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கும் அவள் முகம். தலையைத் திருப்பினால் பிடி நழுவிவிடும். அவள் திருப்பவில்லை.

அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கற்பூரம் அணைந்தது. வாகனம் அசைந்தது, குடைகள் சாய்ந்து நிமிர்ந்தன, மேளம் மீண்டும் கேட்டது. கூட்டம் அதன் பின்னே ஓடியது. கையை இறக்கித் திரும்பிய தறிக்காரர் அவளைக் கண்டு அலறி ஓடி வந்து ராட்டினத்தைப் பிடித்தார். அவள் கையை விட்டாள்; முழங்கால் மடங்கி மணலில் விழுந்தாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது அவள் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. என் மனைவி பக்கத்து நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒரு மொந்தை வாங்கி அவள் கைகளில் ஊற்றினாள்.

"குடிக்கக் குட்த்தா கை கழுவறாங்க பாரு!" என்றார் மோர் ஊற்றுபவர்.

"குடிக்கறவங்க வாயி எரியல, எனுக்குக் கைதான் எரியுது. நீ ஊத்துமா" என்றாள் அவள்.

தறிக்காரர்கள் இருவரும் அவள் அருகில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து கூட்டத்தின் பின்னே போகப் பார்த்தாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் அவள் முகம் மாறியது. தொங்கியபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பயம் இல்லை.

"நான் பாக்கவே இல்லியே. அந்த மனுசனுக்கு இன்னான்னு போயிச் சொல்லுவேன்?"

பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீ பாத்தியாம்மா? மேலேர்ந்து நல்லாத் தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"நான் கண்ணை மூடிண்டுட்டேனே" என்றாள் என் மனைவி. தறிக்காரர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒருவர் "தகதகன்னு இருந்தாரு" என்றார். இன்னொருவர் "ஆமா, தகதகன்னு" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். கைகூப்பாமல், கண்ணை மூடாமல் இருந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

"சேவை மிக நன்றாக ஆயிற்று" என்று ஆரம்பித்தேன். எழுதி எழுதிப் பழகிய வரி.

"அத்த யாரு கேட்டாங்க சாமி? இன்னா பட்டு கட்டியிருந்தாரு? அத்தச் சொல்லு."

மணலில் உட்கார்ந்தேன். பட்டின் நிறம் பச்சை; வாழைக் குருத்துப் பச்சை இல்லை, அதைவிட ஆழமானது; கரை அரக்கு. மாலை மல்லிகையும் துளசியும், துளசியே அதிகம். கருடன் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, பெருமாளின் பாதங்களை உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறான். பெரிய குடைகள் இரண்டு. ஒன்று காற்றில் சாய்ந்தபோது அதன் தொங்கல் குஞ்சங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. இடப்புறம் சாமரம் வீசியவர் வேர்வையில் குளித்திருந்தார். கற்பூரம் ஏறும்போது முதலில் மார்பில் நகைகள் பிடித்துக்கொண்டன, பிறகுதான் முகம் தெரிந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தாள். திருமுக்கூடல் வரை கொண்டுபோக வேண்டிய சரக்கு. வழியில் சிந்திவிடக் கூடாது. சில இடங்களில் நிறுத்தி மறுபடியும் கேட்டாள். இவ்வளவு கவனத்தோடு என் செய்தியை யாரும் அதற்கு முன் வாங்கிக்கொண்டதில்லை. பின்னும் இல்லை.

கடைசியில், "எந்தப் பக்கம் திரும்பி நின்னாரு?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம்தான். மூலையில் வாகனத்தைத் திருப்பியபோது திடலைப் பார்த்து நிறுத்தினார்கள். நீ தொங்கிக்கொண்டிருந்தாயே, உன் முதுகுக்கு நேர் பின்னால்."

அவள் கண்ணைத் திறந்தாள். வீதி மூலையைப் பார்த்தாள். அங்கே இப்போது சிந்திய பூவும் மிதிபட்ட துளசியும்தான் இருந்தன.

"அப்போ அவரு என்னப் பாத்துக்கினு இருந்தாரா?" என்றாள். பிறகு அவளாகவே, "பாத்திருப்பாரு. அத்தயே போயிச் சொல்றேன். நான் அவரப் பாக்கலய்யா, அவரு என்னப் பாத்தாருன்னு."

அவள் ஊர்க்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். ராட்டினத்தின் சொந்தக்காரர் தாமே ஓடி, அந்தப் பக்கம் போகிற ஒரு வண்டியைப் பேசி அவளை ஏற்றிவிட்டார். வண்டி நகரும்போது அவள் உதடுகள் மறுபடியும் அசைந்துகொண்டிருந்தன. பச்சை, அரக்குக் கரை, துளசி.

பட்டணம் திரும்பியதும் பத்தியை எழுதினேன். மரக் குதிரைகளின் ஆணியைப் பற்றி எழுதினேன். கைவிசையால் சுற்றும் ராட்டினங்களுக்குத் தேருக்கு உள்ளது போல முட்டுக்கட்டை வேண்டும், சுவாமி புறப்பாட்டுக்கு முன்பே ஆட்களை இறக்கிவிட்டு ராட்டினத்தைக் கட்டிப்போட வேண்டும் என்று எழுதினேன். ஆசிரியர் ஒரு வரியும் அடிக்காமல் போட்டார். மறுவருஷம் போனபோது அந்த ராட்டினத்தில் முட்டுக்கட்டை இருந்தது; அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பத்தியில் அவள் இல்லை. ராட்டினத்தின் அமைப்பையும் பராமரிப்பையும் பற்றிய ஒரு கட்டுரையில் அவளை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெருமாள் அவளைப் பார்த்தாரா என்று கேட்டால், செய்தியாக என்னால் அதை உறுதிப்படுத்த முடியாது. முகம் அந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும். ஆனால் இன்றும் ஒரு ராட்டினத்தையோ, ஏற்றத்தையோ, ரயிலையோ பார்த்தால், பழக்கத்தால் முதலில் ஆணியைத் தேடுகிற என் கண், பிறகு தானாகவே அதைப் பிடித்திருக்கும் கைக்குப் போகிறது. எதைக் காணாமல் விட்டுவிட்டு அந்தக் கை இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று அங்கேயே சற்று நின்றுவிடுகிறது.